பாலுவுக்கு மாத்திரை: காலை எட்டு, ராத்திரி எட்டு

வலிப்பு மாத்திரை விக்கிறவளுக்கு மருந்து தெரிஞ்சா மட்டும் பத்தாது, ஊர்ல அம்புட்டுப் பேரு வீட்டுலயும் இப்ப மணி என்னன்னு தெரிஞ்சிருக்கணும்.

நான் ராஜபாளையத்துல நாய், பூனை மருந்துக்கடை வச்சிருக்கேன். உள்ள எங்க மருமக டாக்டர், வாசல்ல நான். அவ சீட்டு எழுதுவா, நான் எடுத்துக் குடுப்பேன். அவ எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். என் மகனுக்கு அவ முத முதல்ல போட்ட கடுதாசியக்கூட நான்தான் வாசிச்சுச் சொன்னேன், அது வேற கதை. மாத்திரைக் கவர் மேல பட்டை பேனாவால பெருசா நேரம் எழுதிக் குடுக்கிறதும் என் வேலைதான்.

நாய்க்கு மாத்திரை குடுக்கப் போயி கையில கடி வாங்குனவங்க, பூனை முழுங்கிருச்சுன்னு நிம்மதியாப் படுத்து மறுநாள் கட்டிலுக்கு அடியில அந்த மாத்திரையவே கண்டெடுத்தவங்க, எல்லாரும் செத்த நேரம் உக்காருங்க. நாம எல்லாரும் ஒரே கட்சி. உங்களுக்குச் சொல்லாம இதை நான் யாருக்குச் சொல்ல?

பதினோரு சாவி

ஒரு நாள் மத்தியானம் சோத்துல கை வைக்கப் போறேன், வாசல்ல ஆட்டோ வந்து நிக்கிது. ஆட்டோவுக்குப் பின்னாடி பாதித் தெரு. கருப்பசாமி எறங்குதான். வீட்டுலயே மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவன், எனக்கு மகன் வயசு. அவன் கையில ஒரு வெள்ளை நாய். நம்ம ஊரு சாதி நாய்தான், மூக்கு ரோஸ் கலரு. நாலு காலும் தண்ணியில நீந்துற மாதிரி அடிக்கிது, வாயில நுரை, கண்ணு தெறந்திருக்கு, ஆனா பார்வை இல்ல. அதோட உடம்பு பூரா சாவி. வீட்டுச் சாவி, பைக் சாவி, பூட்டுச் சாவி, நீளமா ஒரு கேட்டுச் சாவி. வலிப்பு வந்தா இரும்பு குடுக்கணும்னு தெருவே ஓடிப்போயி சாவியா அள்ளிட்டு வந்திருக்கு. பொறவு எண்ணிப் பாத்தோம், பதினொண்ணு. ஒரு சாவிய இவன் நாயோட பல்லுக்கு நடுவுல குடுக்கப் போயி வெரலு கிழிஞ்சு ரத்தம் சொட்டுது.

எங்க மருமக ஓடி வந்தா. "எம்புட்டு நேரமா?"ன்னு கேட்டா. ஒருத்தருக்கும் தெரியல. சாவி தேடுன அவசரத்துல யாரும் மணி பாக்கல. ஊசி போட்டா. சாமி சத்தியமாச் சொல்றேன், முப்பது வருஷமாப் பாக்கேன், எனக்கு இன்னும் பழகல. ஆடி மாசக் காத்துல அடிச்சுக்கிட்டுக் கெடந்த தென்னை மட்டை சட்டுனு நின்ன மாதிரி அந்த ஒடம்பு நின்னுச்சு. பொறவு அந்தக் கண்ணுக்குள்ள எங்கிருந்தோ நாய் திரும்பி வந்துச்சு. வந்ததும் மொத வேலையா கருப்பசாமியோட ரத்த வெரலை நக்குச்சு. "நக்க விடாதே, கழுவு! அரசாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடு!"ன்னு அவனை ஏசிட்டு, "வலிப்பு வந்தா கையில ஒண்ணும் குடுக்கக் கூடாது, வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது, மணிய மட்டும் பாருங்க"ன்னு கூட்டத்துக்கு வகுப்பு எடுத்தா மருமக. எடுத்துட்டு என்னையப் பாத்தா. என் கையில கடை ஷட்டர் சாவி. எப்ப எடுத்தேன்னே தெரியல. ஃபார்மசி படிச்ச எனக்கே இப்படின்னா!

எல்லாரும் அந்த நாயையே வாயத் தெறந்து பாத்துக்கிட்டு நிக்கையில, கருப்பசாமி குடியிருக்கிற வளவோட சொந்தக்காரம்மா மட்டும் முன்னாடி வந்து சொன்னாங்க: "நாய்தான் எந்திரிச்சிருச்சுல்ல, என் பீரோ சாவிய எடுத்துக் குடுங்க, நான் போறேன்."

கூப்பிட முடியாத பேரு

அந்த வளவுக்காரம்மா லேசுப்பட்ட ஆளு இல்ல. வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய தமிழு, ரெண்டுலயும் ஏசுவாங்க. ஆறு வீட்டுக்கு ஒரே கேட்டு, ஒரே குழாய். அவிய சொன்னதுதான் சட்டம். அன்னைக்குப் போற போக்குல கருப்பசாமிக்கிட்ட சட்டம் போட்டுட்டாங்க: பிள்ளைங்க ஓடி ஆடுற எடம், இன்னொரு தடவை இந்த நாய் இப்படி விழுந்துச்சுன்னா ஒண்ணு நாய் போகணும், இல்ல நீ போகணும்.

அவனுக்கு எங்க போக? அந்த வாடகைக்கு வேற வீடு கெடையாது. நாயைக் கொண்டுபோயி விடலாம்னா, அதுக்குப் பொறப்புலயே ரெண்டு காதும் கேக்காது. இந்த வெள்ளைச் சாதியில சில குட்டி அப்படித்தான் பொறக்கும். காது கேக்காத, வலிப்பு வர்ற நாயை யாரு வாங்குவா? மருமக பொறுமையாச் சொன்னா, "இந்த வலிப்புக்கு மாத்திரை இருக்கு. பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, காலம் பூரா குடுக்கணும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது, சட்டுனு நிறுத்துனா முன்ன விட மோசமா வரும்." நான் கவர் மேல எழுதினேன்: காலை 8, இரவு 8. நோட்டுல பதியணும்ல, நாய் பேரு கேட்டேன். பாலுன்னான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏலே, காது கேக்காத நாய்க்கு எதுக்குப் பேரு?"

"அது கூப்பிடுறதுக்கு இல்ல ஆச்சி, கொஞ்சுறதுக்கு."

தள்ளாட்டம்

பத்து நாள் கழிச்சு வந்தான். மொகத்துல ஈ ஆடல. "ஆச்சி, வலிப்பு வரல. ஆனா நாய் நாயா இல்ல." பாலு எங்க வாசப்படியில ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை சறுக்கி, தூணுல சாஞ்சு நின்னு, எங்க வீட்டுப் பூனைக்கு வச்ச பாலைக் குடிச்சு, தண்ணித் தொட்டியைக் காலி பண்ணி, அங்கேயே ஒண்ணுக்கும் இருந்துட்டு, எம் மேல சாஞ்சு தூங்கிருச்சு. எங்க பெரிய அத்தான் ஒருத்தரு இருந்தாரு, கல்யாண வீட்டுல பந்திக்கு முந்தியே இப்படித்தான் இருப்பாரு. அவரைத் தூக்க நாலு பேரு வேணும், பாலுவுக்கு ரெண்டு பேரு போதும், அதுதான் வித்தியாசம்.

"பாதி மாத்திரையாக் குறைச்சிரட்டுமா?"ன்னு கேட்டான். உங்கள்ல எம்புட்டுப் பேரு இந்த எடத்துல குறைச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், மறைக்காதீங்க. "தொடவே தொடாதே"ன்னா மருமக. "பசி, தாகம், தள்ளாட்டம் எல்லாம் ஆரம்பத்துல இருக்கும், ஒடம்பு பழகிக்கிடும். பொறவு ரத்தத்துல மருந்து எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டு, கூட்டவா குறைக்கவான்னு நான் சொல்றேன்." அவ சொன்ன மாதிரியே அடுத்த வாரம் தள்ளாட்டம் நின்னுச்சு. மிளகு அளவு மாத்திரை, அது வயித்துல போயி, தலைக்குள்ள எங்கயோ பத்துற நெருப்பை எப்படித் தேடிப் போயி அணைக்கிதுன்னு நான் ஆச்சரியப்பட்டுக்கிட்டே இருக்கேன். ஆனா பாலு தள்ளாடுன அன்னைக்குக் கருப்பசாமிக்கு ஆச்சரியமெல்லாம் இல்ல, சந்தேகந்தான்.

"உண்மையச் சொல்லுங்க ஆச்சி, குடுத்தது மாத்திரையா, சரக்கா?"

வாத்தியார் வீட்டுப் பூனை

திங்களும் வெள்ளியும் சாயங்காலம் நானும் மருமகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, தேரடிப் பக்கம் ஒரு ரூம்ல வைத்தியத்துக்கு உக்காருவோம். அங்க ஒரு வெள்ளிக்கிழமை ரிட்டயர்டு வாத்தியாரும் அவரு சம்சாரமும் ஒரு கூடையைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. உள்ள பூனை. காது துடிக்கிது, தோலு துடிக்கிது, அப்படியே ஒடம்பு வலிச்சு இழுக்குது. மருமக கேட்ட மொத கேள்வியே, "பூச்சிக்கு எதுவும் போட்டீங்களா?" உண்ணி இருந்துச்சேன்னு நாய்க்கு வாங்குன சொட்டு மருந்தைக் கழுத்துல ஊத்தியிருக்காங்க. நாய்க்கு ஆகுற மருந்து பூனைக்கு வெசம். ரெண்டும் நாலு காலுதானேன்னு நாம நினைக்கோம், அதுங்க ஈரலு அப்படி நினைக்கலியே.

வலிப்பு நிக்க ஊசி ஒரு பக்கம், பாத்திரம் கழுவுற சோப்பை வச்சுப் பூனையக் குளிப்பாட்டுறது இன்னொரு பக்கம். குளிப்பாட்டுனது நான், கீறல் இன்னும் இருக்கு, பாக்குறவங்க வரலாம். ராஜபாளையத்துக்கே தூக்கிட்டு வந்து ரெண்டு நாள் வச்சுப் பாத்தோம். மூணாம் நாள் அது எந்திரிச்சு, என் சாப்பாட்டுத் தூக்கைத் தெறந்து நெத்திலியை மட்டும் எடுத்துக்கிட்டு, ரசத்தை எனக்கு விட்டு வச்சிருந்துச்சு. சாகக் கெடந்த உசிருக்கு இம்புட்டு வெவரம்! இதுக்குக் காலம் பூரா மாத்திரையும் வேண்டாம், வெசம் எறங்குனா வலிப்பும் போச்சு. கூட்டிட்டுப் போக வந்த வாத்தியார், கையில ஒரு பெட்டி பால்கோவாவோட தலை குனிஞ்சு நின்னாரு.

"வாழ்நாள் பூரா பையன்ககிட்ட கேள்வியை நல்லாப் படிச்சிட்டு பதில் எழுதுன்னு சொன்னவன் நான், அந்த டப்பாவைப் படிக்கலம்மா."

பால்கோவாவுக்குள்ள

அந்த பால்கோவாவுக்கு வாரேன். வாத்தியார் போன பொறவு கருப்பசாமி வந்தான், உள்ளங்கையில ஏழு மாத்திரை. பாலு வாங்கிக்கிட்டு, முழுங்குன மாதிரி நடிச்சிட்டு, மிஷினுக்கு அடியில துப்பி வச்சிருக்கு. கூட்டும்போது கெடைச்சதாம். ஏழு வேளை! வலிப்பு வராம இருந்தது அந்த ஆண்டாள் புண்ணியம். பெட்டி அப்பத்தான் கையில இருந்துச்சு. மாத்திரையைச் சுண்டைக்காய் அளவு பால்கோவாவுக்குள்ள பொதிஞ்சு நீட்டினேன். பாலு முழுங்கிட்டு என் கையத் திருப்பிப் போட்டுத் தேடுச்சு. மருமக மொறைச்சா. "சுண்டைக்காய்க்கு மேல ஒரு துளி கூடக் கூடாது அத்தை, இனிப்பு அதுக்கு நல்லதில்ல." சரின்னேன். மீதிப் பெட்டிக்கு நான் பொறுப்பு.

கருப்பசாமி வீட்டுக்குப் பின்னாடி ஒரு நூல் மில்லு. காலையில எட்டு, ராத்திரி எட்டு, ஷிப்டு மாறச் சங்கு ஊதும். அவனுக்கு அதுதான் கணக்கு. சங்கு ஊதும், தையல் மிஷினை நிறுத்துவான், மாத்திரையும் பால்கோவாவும் வச்ச எவர்சில்வர் டப்பாவை எடுப்பான். ஒரு மாசத்துல என்ன ஆச்சு தெரியுமா? சங்கு ஊதுனதும் பாலுவே எந்திரிச்சு டப்பாவுக்கு முன்னாடி போயி உக்காருது! காது கேக்காத நாய்! தெருவே கூடி வேடிக்கை பாக்கும். நான் ஒரு நாள் நேர்லயே போயி நின்னு கண்டுபிடிச்சேன். பாலு மிஷினுக்கு அடியில படுத்திருக்கும். சங்கு ஊதுனதும் மிஷினு நிக்கும், தரையில அதிர்வு நிக்கும், அதை வச்சு எந்திரிக்கிது. "இம்புட்டுத்தான் விசயம்"னு எல்லாருக்கும் பெருமையா வெளக்கிச் சொன்னேன். நான் சொன்னது பாதிதான்னு பொறவு தெரிஞ்சுச்சு, அதுக்கு வாரேன். வளவுக்காரம்மாவுக்கு மட்டும் என் வெளக்கம் பிடிக்கல.

"காது கேக்காத நாய்க்கு சங்கு கேக்குது அக்கா, காது கேக்குற எங்க வீட்டுக்காரருக்கு நான் கூப்பிட்டா கேக்க மாட்டேங்குதே!"

சங்கு ஊதாத பொங்கல்

மாசக்கணக்கா வலிப்பே இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்தோம், மருந்து அளவு சரியா இருக்கு, ஈரலும் நல்லாருக்கு. கருப்பசாமி சிரிக்க ஆரம்பிச்சான். அப்பத்தான் பொங்கல் வந்துச்சு.

பொங்கலுக்கு மில்லு லீவு. சங்கு ஊதல. நைட்டி தைக்கிறதும் லீவு, மிஷினும் ஓடல. தேவதானத்துலருந்து கருப்பசாமி சம்சாரத்தோட ஆளுக வந்து வீடு நெறைஞ்சு கெடக்கு. காலையில எட்டு மணிக்குப் பாலு எந்திரிச்சுப் போயி டப்பாவை மூக்கால தள்ளிட்டு அது முன்னாடி உக்காந்துச்சாம். "பால்கோவாவுக்கு அலையுது"ன்னு விருந்தாளிகளுக்கு ஒரே சிரிப்பு. சக்கரைப் பொங்கல் ஒரு வாய் குடுத்து வெரட்டிட்டாங்க. ராத்திரி எட்டுக்குத் திரும்பவும் வந்து டப்பாவை உருட்டுச்சு. அப்ப வடை குடுக்க வந்திருந்தது வளவுக்காரம்மா. "பண்டிகை நாள்லயும் இதுக்கு அடங்காத நாக்கு"ன்னு ஏசிட்டு, அவியளே டப்பாவை எடுத்துப் பரண் மேல வச்சிட்டாங்க. கருப்பசாமிக்கு ரெண்டு வேளையும் நெனப்பே இல்ல. அவனுக்குச் சங்கு ஊதலியே.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில ஏழு மணிக்கு என் போனு அடிக்கிது. எடுத்தா வளவுக்காரம்மா கொரலு. நான் போச்சுடா, காலி பண்ணச் சொல்லத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன். அவிய சொல்றாங்க, "அக்கா, நாய்க்கு வந்திருச்சு. ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம் பத்து செகண்டு. பிள்ளைங்கள உள்ள தள்ளிட்டேன். பக்கத்துல கெடந்த அம்மியை நகட்டச் சொல்லிட்டேன். யாரும் சாவி குடுக்கல." மூணு நிமிசத்துல நின்னுச்சு. அரை மணி நேரத்துல மறுபடி வந்திருச்சு. அப்படி ரெண்டாம் தடவை வந்தா மூக்குல அடிக்கணும்னு மருமக ஒரு ஸ்பிரே குடுத்து வச்சிருந்தா. கருப்பசாமி ஆட்டோ பிடிக்க ஓடிட்டான். வளவுக்காரம்மாவே அதை வாங்கி அடிச்சிருக்காங்க, என் கவர் மேல எழுதியிருந்ததைப் படிச்சு. பொறவு ஆட்டோவுல போட்டுக் கொண்டு வந்தாங்க.

மருமக நரம்புல மருந்து ஏத்துனா. பகல் பூரா பாலு கூண்டுக்குள்ள அசையாமக் கெடந்துச்சு. கருப்பசாமி பெஞ்சுல உக்காந்து, "சங்கு ஊதலியே டாக்டரம்மா, சங்கு ஊதலியே"ங்கிறதையே சொல்லிக்கிட்டு இருந்தான். மருமக பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை வந்து நாயோட கண்ணு இமையத் தூக்கிப் பாத்துட்டுப் போறா. அந்த எடத்துல எம்புட்டு நாய் எந்திரிக்காமப் போயிருக்குன்னு நான் பாத்தவ. சாயங்காலமாச்சு, பொழுதடைஞ்சுச்சு. நான் ஷட்டரைப் பாதி எறக்கிட்டுக் கல்லாவுக்கு வந்தேன். கூண்டுக்குள்ள ஏதோ அசைஞ்சுச்சு. பாலு தலையத் தூக்கி என்னையப் பாக்குது. பாத்துட்டு, தட்டுத்தடுமாறி மூக்கை நீட்டி, கூண்டுக் கம்பியில முட்டுச்சு. வீட்டுல டப்பாவை முட்டுற மாதிரியே. இங்க சங்கு இல்ல, மிஷினு இல்ல, அதிர்வு இல்ல. என் வெளக்கமெல்லாம் எங்கயோ போச்சு. நான் நிமிந்து சுவத்துக் கடியாரத்தைப் பாத்தேன், எட்டு அடிச்சு அஞ்சு நிமிசம். என் கடியாரம் எப்பவுமே அஞ்சு நிமிசம் வேகம்.

மருமக மாத்திரையை எடுத்துக்கிட்டு வந்தா. கண்ணத் தொடைச்சதை நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டுச் சொன்னா: "அத்தை, உங்க கடியாரத்தைச் சரி பண்ணுங்க, நாய் சரியாத்தான் இருக்கு."

வளவுச் சட்டம்

ரெண்டு நாள் கழிச்சுக் கருப்பசாமி பாலுவைக் கூட்டிட்டுப் போக வந்தான். வந்தவன் என்கிட்ட மெதுவா, "ஆச்சி, புதுப்பட்டிப் பக்கம் எங்கயாச்சும் வீடு இருந்தாச் சொல்லுங்க"ன்னான். மிஷினைக்கூடக் கழத்தி மூட்டை கட்டிட்டானாம். சட்டம் சட்டந்தான, நாய் இன்னொரு தடவை விழுந்திருச்சே. அந்த நேரம் பாத்து வளவுக்காரம்மா உள்ள வந்தாங்க. அவனைப் பாக்கல, நேரா பாலுக்கிட்டப் போயி நின்னாங்க. வாழ்க்கையில மொத தடவையா அதைத் தொட்டாங்க. "நான் சொன்னது வாஸ்தவந்தான். ஆனா அது தானா விழல. ரெண்டு தடவை வந்து மாத்திரை கேட்டுச்சு. டப்பாவைத் தூக்கிப் பரண்ல வச்சவ நான். மூட்டையப் பிரிரா"ன்னாங்க.

இப்ப மில்லுச் சங்கை யாரும் நம்புறதில்ல. பாலுவுக்கு இடையில ஒரே ஒரு தடவை லேசா வந்து போச்சு, அம்புட்டுத்தான். அது எட்டு மணிக்கு இப்பக் கருப்பசாமிக்கிட்டப் போறதில்ல, நேரா வளவுக்காரம்மா வாசலுக்குப் போயிருது. நான் போன வாரம் அந்தப் பக்கம் போனேன். வளவு கேட்டுக்குள்ள இன்னும் கால வைக்கல, அதுக்குள்ள மில்லுச் சங்கை முழுங்குற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு.

"ஏரா கருப்பசாமி, மணி எட்டு! உன் நாய் என் வாசல்ல வந்து நிக்கிது, அதுக்குப் பதில் சொல்ல என்னால முடியாது!"

முப்பது வருசமா மாத்திரைக் கவர் மேல 'காலை 8, இரவு 8'ன்னு பெருசு பெருசா எழுதிக் குடுக்கேன், அதை ஒரு நிமிசங்கூடத் தப்பாம கடைப்பிடிச்சவன் இதுவரைக்கும் ஒரே ஒருத்தன்தான், அவனுக்கு எழுத்தும் தெரியாது, காதும் கேக்காது.